1–3 வகுப்புக் களங்கள்: பள்ளி திறக்கும்முன் ஒரு பார்வை

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் அரசுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ நடத்தும் கடலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கு வணக்கம்.

களங்கள், அதாவது பிள்ளைகள் செய்து கற்க வகுப்பறையில் ஒதுக்கும் மூலைகள், எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். முதல் வாரம் கணக்குக் களம் மட்டும் போதும். டப்பாவை எடுப்பது, வேலை முடிந்ததும் எண்ணித் திருப்பி வைப்பது, இவை கைவந்த பிறகு வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். இந்தப் பழக்கம் இல்லாமல்தான் பல வகுப்புகளில் களங்கள் ஆடிக்குள் படுத்துவிடுகின்றன.

ஒரு களத்துக்கு 5 பேர், 15 நிமிடம். களத்தின் முன் கயிற்றில் 5 துணி கிளிப் மாட்டுங்கள். வரும் பிள்ளை ஒன்றை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளும். கிளிப் தீர்ந்தால் இடமில்லை. பஞ்சாயத்துக்கே வேலையில்லை!

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, டப்பாவுக்குப் பத்து. மொத்தமாகக் கொட்டி வைத்தால் எத்தனை தொலைந்தது என்றே தெரியாது. ஒன்றாம் வகுப்பில் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். அங்கே பெரிய டப்பா மூடிகளே நல்லது. பண்ருட்டிப் பக்கம் கவனம்: ஓட்டோடு உள்ள முந்திரிக்கொட்டை வேண்டவே வேண்டாம். ஓட்டின் எண்ணெய் பட்டால் பிஞ்சுத் தோல் வெந்துவிடும்.

படித்தல் களமும் பாடல் களமும் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும். அரும்பு நிலைக்கு, அதாவது கற்றலில் தொடக்கப் படியில் இருக்கும் பிள்ளைகளுக்கு, பட அட்டை கட்டாயம். ஐப்பசி மழையில் சுவர் ஈரம் ஏறும். அட்டைகளை ஒட்டாமல் கயிற்றில் தொங்கவிடுங்கள்.