நால்வருக்கு ஒரே கேபின் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் வரும் 'நால்வர் தங்கும் கேபின்' சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குச் சரி. பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டால் சரிப்படாது; இரண்டு கேபின் எடுப்பதே நல்லது. ஜன்னலில்லாத சாதாரண உள்கேபின் பெரும்பாலும் 150 முதல் 185 சதுர அடிதான், குளியலறையும் அதற்குள்ளேயே. இருவருக்குக் கட்டில், மூன்றாமவருக்கு விரித்துப் போடும் சோஃபா, நான்காமவருக்குக் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறக்கும் பங்க். அந்தப் பங்க்கில் நிமிர்ந்து உட்கார முடியாது. ஆறடிப் பையனுக்குக் கால் இடிக்கும். பால்கனிக் கேபின் எடுத்தாலும் சோஃபாவை விரித்தபின் பல கேபின்களில் பால்கனிக்குப் போக வழியிருக்காது. இரவு உணவுக்கு நால்வரும் ஒரே நேரத்தில் கிளம்ப ஒரு குளியலறை, ஒரு கண்ணாடி, ஓரிரண்டு ப்ளக் பாயின்ட். (மின்னழுத்தம் திடீரென ஏறினால் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனால் பல கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள்.)

மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் துறைமுகக் கட்டணம், வரி, தினசரி டிப்ஸ் எல்லாம் தலைக்கு இத்தனை என்ற கணக்கு. கேபின் ஒன்றானாலும் இரண்டானாலும் மாறாது. எனவே நால்வருக்கான பால்கனிக் கேபினின் மொத்தத் தொகையையும் இரண்டு உள்கேபின்களின் மொத்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல சமயம் வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். பெற்றோருக்குப் பால்கனி, நடைபாதைக்கு எதிரே பிள்ளைகளுக்கு உள்கேபின் என்பதும் நல்ல ஏற்பாடு.

அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பல கப்பல்களில் ஒவ்வொரு கேபினிலும் 21 வயது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும். பெற்றோர் கேபின் பக்கத்திலோ எதிரிலோ இருந்தால் பெரும்பாலும் இதைத் தளர்த்துவார்கள். தளர்த்தாவிட்டால் அப்பாவோடு ஒரு பிள்ளை, அம்மாவோடு ஒரு பிள்ளை என்று பதிந்து, ஏறியதும் விருப்பப்படி மாறித் தங்க வரவேற்பு மேசையில் கூடுதல் சாவி அட்டை கேட்கலாம். இதில் ஒரு லாபமும் உண்டு: ஒருவர் மதுப் பேக்கேஜ் (மொத்தமாகப் பணம் கட்டிப் பயணம் முழுதும் குடிப்பது) வாங்கினால் அதே கேபினில் பதிவான மற்றப் பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்ற விதி உள்ள கப்பல்களில் அந்தச் செலவு மிச்சமாகும்.

கேபின் காலியாக இருந்தும் நால்வருக்கு இடமில்லை என்று சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பகுதிக்கான உயிர்காப்புப் படகின் தலைக்கணக்கு நிரம்பியிருக்கும். கப்பலின் வேறு பகுதியில் கேட்டுப் பாருங்கள்.

கேபின் எண்ணை நிறுவனமே பின்னால் ஒதுக்கும் மலிவான 'கேரண்டி' கட்டணம் இரண்டு கேபின் எடுப்பவர்களுக்கு ஆகாது. ஒன்று முன்கோடியிலும் மற்றது பின்கோடியிலும் விழலாம். அவசரகாலத்தில் கூடும் இடமும் வேறுவேறாகிவிடும். நடுவே கதவுள்ள ஜோடிக் கேபின்கள் குறைவு, சீக்கிரம் தீரும். ஜோடியாகக் கிடைக்காதபோது, நடுக்கதவுள்ள கேபினில் ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள். பக்கத்து அறைக்காரர் பேச்செல்லாம் கதவிடுக்கில் கேட்கும்.

கேபின் எண்ணை உறுதி செய்யுமுன் கப்பலின் தள வரைபடமான டெக் பிளானில் மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் பாருங்கள். இரண்டிலும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியுமுன் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே நடன அரங்கு என்றால் நள்ளிரவு தாண்டியும் அதிரும். குமட்டல் வருபவர்களுக்கு நடுப்பகுதியில், கீழ்த்தளக் கேபின்.

இரண்டு பதிவுகளையும் இணைக்கச் சொல்ல மறக்கக் கூடாது. சொல்லாவிட்டால் இரவு உணவுக்கு கேபினுக்கொரு மேசை, கேபினுக்கொரு நேரம் என்று ஆகிவிடலாம்.

இப்படிக்கு,
பயண முன்பதிவுத் துறையில் உள்ள ஒரு வாசகர்