ஆண்டறிக்கை: வசந்தகால வான்கோழி வேட்டை, பென்சில்வேனியா

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம். சென்ற பருவத்துக்கான அறிக்கையைச் செயற்குழுவின் சார்பில் சபை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அருகில் வந்த வான்கோழிச் சேவல் நழுவிப்போவதற்குப் பெரும்பாலும் தூரக் கணக்குதான் காரணம். திறந்த வயலில் 55 கெஜத்தில் நிற்கும் பறவை 40இல் நிற்பதாகத் தோன்றும். உட்கார்ந்ததுமே நாலைந்து மரங்களின் தூரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 40 கெஜத்தில், 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவையாவது (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) விழ வேண்டும். தோட்டா வகையை மாற்றினால் அதே சோக்கிலும் (ரவை சிதறாமல் குழல் நுனியைக் குறுக்கும் திருகாணி) ரவை விழும் விதம் மாறிவிடும். டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட அடர்த்தியானது, 9ஆம் எண் என்னும் மிகச் சிறிய அளவில்கூட ஆழமாகப் பாயும், நம் பணப்பையிலும்தான். இறுக்கமான சோக்கில் 15 கெஜத்தில் எல்லா ரவையும் கைமுட்டி அளவுக்குள் போய்விடும். தலை சற்று அசைந்தாலும் குறி தப்பும். தோகை விரித்த சேவல் கழுத்தை உள்ளிழுத்திருக்கும். பெட்டை போல மெல்ல ஒரு ‘க்ளக்’ ஒலி கொடுத்து, அது கழுத்தை நீட்டிய பிறகே சுடுங்கள்.

விடிகாலையில் மரத்திலிருந்து இறங்கும் சேவல் பெட்டைகளின் பின்னால்தான் போகும். பெட்டையின் குரலில் நாம் கொடுக்கும் அழைப்பை மதிக்காது. ஒன்பது, பத்து மணிக்குப் பெட்டைகள் முட்டையிடவோ அடைகாக்கவோ போனபின் அதே சேவல் தனித்துத் தேடி வரும். ஏழரை மணிக்கே வண்டியேறுகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். முதல் இரு வாரங்கள் நண்பகல் வரை நேரம் உண்டு. 60 கெஜத்தில் நின்று கூவிக்கொண்டே இருந்தால், பெட்டை தன்னிடம் வரட்டும் என்று காத்திருக்கிறது என்று பொருள். அழைப்பை நிறுத்திவிட்டு, பெட்டை மேய்வது போல இலைச்சருகைக் கையால் கிளறுங்கள். மழையில் பெட்டி அழைப்பானின் (மூடியை உரசி ஒலியெழுப்பும் மரப்பெட்டி) சுண்ணக்கட்டிப் பூச்சு ஈரமாகிச் சத்தமே எழாது; வாய்க்குள் வைத்து ஊதும் வாய்ச்சவ்வு அழைப்பான் ஒன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இங்கே வசந்தத்தில் சேவலை அழைத்துத்தான் சுடலாம், பதுங்கி நெருங்குவது சட்டப்படி குற்றம். கேட்கும் கூவல் இன்னொரு வேட்டைக்காரருடையதாகவும் இருக்கலாம். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவல் தலையின் நிறங்கள். கைக்குட்டை, காலுறையில்கூட வேண்டாம். தோளைவிட அகலமான மரத்தில் முதுகு சாய்த்து உட்காருங்கள். யாராவது நெருங்கினால் கையசைக்காமல் வாயால் கூப்பிடுங்கள். உண்ணி அண்டாமலிருக்க முந்தைய நாளே உடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து உலரவிடுங்கள்.

பலன்? வெளிச்சம் வருமுன் ஆந்தைக் குரலுக்குக் கிளையிலிருந்து எழும் பதில் கூவல். பக்கத்தில் வந்தால் காதைவிட நெஞ்சில் அதிரும் அந்த முழக்கம். பிறகு சமையலறை. நெஞ்சுக்கறியை மெல்லியதாக அரிந்து பொரிக்கலாம். கால்களில் விறைத்த தசைநாண் நிறைய. மெதுவாக மணிக்கணக்கில் வேகவைத்துப் பிய்த்தால்தான் சாப்பிட முடியும். தூக்கிப் போடாதீர்கள்.

பருவம் தொடங்குமுன் காகித அட்டையில் சுடும் பயிற்சி நடைபெறும். வேட்டைக்கு எடுக்கும் அதே துப்பாக்கி, அதே சோக், அதே தோட்டாவுடன் வரவும். சுட்ட பறவையை 10 நாளுக்குள் மாநில வேட்டை ஆணையத்துக்குத் தெரிவிக்கவும் மறக்க வேண்டாம்.

செயலாளர்