செயலாளர் ஆண்டறிக்கை: பி.டி. பீரியடும் நம் பிள்ளைகளும்

தலைவர் அவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். மழையால் நின்றுபோன இரண்டைத் தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் பிடித்துக்கொண்டது ஒரே விஷயம், பி.டி. பீரியட். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருப்பது) உள்ள நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஜூன் கூட்டத்தில் கேட்டோம். பலர் சொன்னது ஒன்றுதான்: மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல். கல்வியோடு விளையாட்டிலும் சமவாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. அதை நகலெடுத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தோம். ஒரு பள்ளியில் உடனே கபடியில் சேர்த்தார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக! பிடித்தாலும் அவுட் இல்லை, பாடிப் போகவும் முறை வராது. அந்தச் சொல்லே நமக்கு உறுத்தும். செய்தது அதைவிட உறுத்தியது.

அப்புறம்தான் உடற்கல்வி ஆசிரியர்களை அழைத்து உட்கார்ந்து பேசினோம். ஒரு விசிலை வைத்துக்கொண்டு மைதானம் நிறையப் பிள்ளைகளை மேய்ப்பவர்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்தும் பிள்ளைக்காகக் கொடி அசைக்கிறார்கள். இன்றைக்கு என்னென்ன ஆட்டம் என்று படம் வரைந்து முதலிலேயே காட்டுகிறார்கள். காத்திருக்க முடியாதவர்களுக்காக நீள வரிசையை நான்காக உடைத்தார்கள். அவுட்டானவர் வெளியே உட்காரும் ஆட்டங்களைக் குறைத்தார்கள். பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதானே முதலில் அவுட்டாகிறது? ஒருவர் எறிபந்துக்குப் பதில் காற்றடைத்த கடற்கரைப் பந்தைக் கொண்டுவந்தார். மெதுவாக வருவதால் பிடிக்க நேரம் கிடைக்கிறது. அதற்கு மற்றப் பிள்ளைகளும் அடித்துக்கொண்டார்களாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம் போடவிடுமுன் மருத்துவரைக் கேளுங்கள், ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள்.

ஒன்றில் தோற்றோம். சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஏ.டி.ஹெச்.டி. இல்லை. அது மட்டும் உள்ள பிள்ளைக்குக் காட்ட மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடையாது. 'சேட்டைக்காரன்' என்ற பெயர்தான் மிச்சம். தண்டனையாக முதலில் பறிபோவதும் பி.டி. பீரியட்தான். ஓட வேண்டியவனை உட்காரவைத்துவிட்டு, அடுத்த வகுப்பில் அடங்கி இரு என்றால் எப்படி? மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

கடற்கரைப் பந்துகளில் மூன்று ஓட்டையாகிவிட்டன. புதிதாக வாங்க உறுப்பினர்களின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்