ஹாம்பர்க் அடுப்படிக்கு ஒரு பிடிதுணி

அன்புக் கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது வலது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாய். டம்ளரை இடது கையால் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஈரத்துணியாலதான்மா ஓவன் தட்டைப் பிடிச்சேன், அப்படியும் சுட்டுடுச்சு" என்றாய். அதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஈரமாக இருந்ததால்தான் சுட்டது, சாமி. பருத்தி இழைகளுக்கு நடுவே அடைந்திருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. துணி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். இனி எந்த அவசரத்திலும் உலர்ந்த துணியையே எடு.

8 வருடம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் தைத்தது இதைத்தானே! மேசைவிரிப்பு, ஏப்ரன், கையுறை, பாட் ஹோல்டர் என்கிற பிடிதுணி. கரூரில் தைத்து, தூத்துக்குடியில் கப்பலேறி, ஜெர்மனிக்கெல்லாம் போன சரக்கு. ஆயிரக்கணக்கில் தைத்தவளுக்கு, நீ கிளம்பும்போது உன் பெட்டியில் ஒன்று வைக்கத் தோன்றவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெண் அங்கே வரும்போது ஒரு துணி மூட்டை கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவின் பழைய வேட்டி, என் சுங்குடிச் சேலையில் நைந்துபோகாத பாகம், ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் இழையை உருவித் தீயில் காட்டித்தான் எடுத்து வைத்தேன். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் விரலில் கடுகு மாதிரி உருளும். சூடான தட்டில் அப்படி உருகினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உன் ஆறாம் வகுப்புச் சட்டையும் பீரோவில் இருந்தது. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன். டெரிகாட்டன், பாலியஸ்டர் கலந்தது, அடுப்புக்கு ஆகாது.

உன்னிடம் மெஷின் இல்லை, கையாலேயே தைத்துவிடலாம். அட்டையில் 8 அங்குலச் சதுரம் வெட்டிக்கொள். அந்த அளவில் சுங்குடி 2, தேங்காய்ப்பூத் துண்டு 2. வேட்டி மெலிசு, அதை நாலாக மடித்து ஒரு சதுரம். சுங்குடி இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வை, மேலே மற்றதை அடுக்கு. ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டுச் சுற்றித் தை. ஒரு பக்கத்தில் நாலு விரல் போகும் அளவுக்குத் தைக்காமல் விட்டுவிடு. மூலைகளில் தையலைத் தொடாமல் துணியைக் கத்தரித்துவிட்டு, அந்த வாய் வழியாக முழுவதையும் புரட்டு. மூலை கத்தரிக்காமல் புரட்டினால் கொழுக்கட்டை மாதிரி உருண்டுகொண்டு நிற்கும். அப்புறம் வாயை மூடி, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத்தையல் போடு. இதை விட்டுவிடாதே, தட்டைப் பிடிக்கும்போது உள்ளே துணி நழுவினால் கை வெறும் மேல்துணியில்தான் இருக்கும். நூலும் பருத்தி நூல்தான், நாலு உருண்டை வைத்திருக்கிறேன்.

தைப்பதற்கு முன் எல்லாத் துணியையும் ஒருமுறை அலசிக் காயவைத்துவிடு. சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடட்டும். அங்கே கிடைக்கும் பழைய ஸ்வெட்டர் முழுக்கக் கம்பளி என்றால் உள்ளே வைக்க அதுவும் அருமையாக இருக்கும். கம்பளி உருகாது.

அப்பத்தா முந்தானையைச் சுருட்டிப் பிடித்துத்தான் கஞ்சி வடிப்பார். பருத்திச் சேலை என்பதால் உருகி ஒட்டவில்லை. அந்தப் பழக்கம் உனக்கும் இருக்கிறது, சட்டை நுனியால் பாத்திரத்தைப் பிடிக்கிறாய். வேண்டாம்.

எவ்வளவு தடிமனாகத் தைத்தாலும் கொஞ்ச நேரத்தில் சூடு உள்ளங்கைக்கு வந்துவிடும். தட்டை எங்கே வைக்கப்போகிறாய் என்று முதலில் இடம் பார்த்துவிட்டு ஓவனைத் திற.

புண் ஆறும்வரை ஊசியைத் தொடாதே. மூட்டைக்கு நடுவில் நான் தைத்த இரண்டு இருக்கின்றன, வேட்டிக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். அதுவரை அதை வைத்துக்கொள். கட்டுப் பிரித்ததும் கையைக் காட்டு.

அன்புடன்,
அம்மா