மேங்கோ என்றால் காயா, பழமா?

தருமபுரி

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் வந்தது. செந்தூரா ரக மாம்பழம் ஓய்ந்து பெங்களூரா ரகத்தின் வரத்து தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். இனி கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலை வாசல்களில் டிராக்டர் வரிசைதான்.

லேபிளில் 'மேங்கோ' என்று ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் எப்படிப் போடுவது என்று கேட்டாயே, அந்தச் சங்கதிக்கு வருகிறேன். ஊறுகாய்க்கும் கூழுக்கும் ஒன்றுபோல 'மாம்பழம்' என்று போட்டதுதான் கோளாறு. மேங்கோ என்ற சொல் பழத்திலிருந்து வரவில்லை, காயிலிருந்து வந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்: மாம்பழம், மாந்தோப்பு, மாங்காய். பின்னால் வரும் எழுத்துக்கு இனமான மெல்லெழுத்துதான் நடுவில் தோன்றும். 'ங்' தோன்ற வேண்டுமானால் பின்னால் ககரம் இருந்தாக வேண்டும். பழத்தைக் காட்டிப் பெயர் கேட்டிருந்தால் வெள்ளைக்காரன் இன்று 'மேம்போ' என்றல்லவா சொல்லிக்கொண்டிருப்பான்!

மலையாளத்தில் அது 'மாங்ங'. 1498-க்குப் பிறகு கேரளக் கரையில் வியாபாரம் செய்த போர்ச்சுகீசியர் வாயில் 'மங்கா' ஆனது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. மங்குஸ்தானை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதே, அது மலாய்ச் சொல்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பல மாதம் போகும் கப்பலில் பழம் தாங்குமா? உப்பிலும் காடியிலும் (வினிகர்) ஊறிய காய்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அதனால் அவர்களுக்கு மேங்கோ என்றாலே ஊறுகாய் என்றாகி, 'ஊறப்போடு' என்ற வினையாகவும் வழங்கியது. பிஞ்சு முலாம்பழத்தைப் பக்கவாட்டில் கீறி, விதையை வழித்து, கடுகும் பூண்டும் இஞ்சியும் அடைத்து, வெட்டிய துண்டை மூடி நூலால் கட்டி, கொதிக்கும் காடியை ஊற்றினால் அதுவும் மேங்கோ! காய் விடும் தண்ணீரில் காடி நீர்த்தால் பூசணம் பிடிக்கும். அதற்காகக் காடியை வடித்து, மறுபடி கொதிக்கவைத்துச் சில நாள் ஊற்றுவார்கள். நாம் உப்பில் ஊறிய துண்டை வெயிலில் காயவைப்பதும் அந்தத் தண்ணீருக்குப் பயந்துதானே. முட்டைக்கோஸ் அடைத்த குடைமிளகாயையும் இப்படி ஊறவைத்த அமெரிக்காவின் ஒஹாயோ, இண்டியானா பக்கங்களில் குடைமிளகாய்க்கே மேங்கோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி உன் லேபிள். ஊறுகாய், தொக்கு, வற்றல் எல்லாம் மாங்காய். கூழ், சாறு, ஜாம் எல்லாம் மாம்பழம். இலையும் மரமும் வெறும் 'மா': மாவிலை, மாமரம். 'மாம்பழ இலை' என்று அடித்துவிடாதே. கொட்டை பழத்திலிருந்து எடுத்ததானாலும் மாங்கொட்டைதான். 'கிரீன் மேங்கோ' என்று வந்தால் மாங்காய் என்றாலே போதும். 'பச்சை மாம்பழம்' என்றால் படிக்கிறவன் தோல் நிறம் என்று நினைப்பான். வெளியூர் போகும் டின்னில் பெங்களூரா என்பதோடு தோத்தாபுரி என்றும் சேர்த்துப் போடு, வாங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர்தான் பழக்கம்.

அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன் லேபிள் ப்ரூஃபை எனக்கு அனுப்பு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சண்முகம்