நடுக்குழாயைத் தொலைத்துவிடாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருடம் மூடிக் கிடந்த மோட்டார் சைக்கிளை மறுபடி ஓட்டப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. முன்சக்கரம் சுற்றும்போது 'கரகர' என்கிறது, அதன் பேரிங்கை (இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகள் உருளும் உருப்படியை) வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக மாற்றலாம். பிரஸ் மெஷின் எதுவும் வேண்டாம். சூடும் பொறுமையும் இருந்தால் போதும்.

கழற்றுவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள். சக்கரம் தரையில் படாமல் வண்டியை உயர்த்தி நிறுத்து. டயரின் மேல்பக்கத்தை ஒரு கையிலும் கீழ்ப்பக்கத்தை மறு கையிலும் பிடித்து, ஒன்றைத் தள்ளி மற்றதை இழு. அந்தப் பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் அது பேரிங். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போதுதான் ஆடுகிறது என்றால், கோன்செட்டையோ (ஹேண்டில் திரும்பும் இடத்துக் குண்டு வளையங்கள்) ஃபோர்க் புஷ்ஷையோ பார்க்க வேண்டும். பேரிங்கை மாற்றி அது தீராது.

ஆக்சிலை (சக்கரத்தின் அச்சுக்கம்பி) உருவிய பிறகு பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டு மெதுவாகச் சுற்றிப் பார். நீ எழுதியிருந்த 'கரகர' அங்கேயே விரலில் தெரியும். நின்றே கிடந்த வண்டிகளில் குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். கிரீஸ் காய்ந்து, ஈரம் புகுந்து, குண்டு தொடும் இடத்தில் துருப் புள்ளி விழும். அந்தக் குழியைக் கழுவியும் போக்க முடியாது, புது கிரீஸ் வைத்தும் மூட முடியாது. மாற்றுவது ஒன்றுதான் வழி. சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பேரிங் இருக்கும்; மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்று.

எந்த பேரிங் வாங்குவது என்பதற்கு வளையத்தின் ஓரத்தில் வெட்டியிருக்கும் எண்ணைப் பார். 6202 என்றால் உள்துளை 15 மி.மீ., வெளிவிட்டம் 35, தடிமன் 11. 6302 என்றால் துளை அதே 15தான். வெளிவிட்டம் 42, தடிமன் 13. கடைசி இரண்டு எண்தான் துளையைச் சொல்கிறது: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள். எண் அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து மூன்று அளவையும் எடு. துளை 19.05 என்று வந்தால் அது முக்கால் அங்குலம், பழைய அங்குல வரிசையைச் சேர்ந்தது. அதற்கு 20 மி.மீ. பேரிங் வாங்கி ஒப்பேற்ற நினைக்காதே. ஆக்சிலில் கிட்டத்தட்ட 1 மி.மீ. ஆட்டத்தோடுதான் உட்காரும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் கவனி. 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் இரு பக்கமும் தகட்டு மூடி; தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. முன்சக்கரத்துக்கு 2ஆர்எஸ் வாங்கு. அதற்குள் தேவையான அளவு கிரீஸ் இருக்கும், சீலைப் பிரித்து மேலும் திணிக்காதே. வண்டியில் இருந்த அசல் பேரிங் மூடியில்லாத திறந்த வகையாக இருந்தாலும் எண் ஒன்றாக இருந்தால் 2ஆர்எஸ் அப்படியே பொருந்தும். பழைய ஃபெல்ட் வளையத்தையும் மூடித் தகட்டையும் எறிந்துவிடாமல் திரும்பப் போடு. அவை வெளிச் சேற்றை சீல் வரை வரவிடாது.

இனி கழற்றும் வேலை. பிரேக் பிளேட்டும் (பிரேக் ஷூக்கள் உட்காரும் தட்டு) ஸ்பீடோமீட்டர் கியரும் வெளியே வந்ததும், ஆயில் சீலை நெம்பி எடு. அதற்குப் பின்னால் சர்க்கிளிப்போ (பள்ளத்தில் விரிந்து உட்காரும் கம்பி வளையம்) மறையுள்ள பூட்டு வளையமோ இருக்கலாம். சில பழைய ஹப்களில் (பேரிங்குகள் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடம்) அந்த வளையத்துக்கு இடது மறை, அதாவது வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் மறை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெளிச்சம் அடித்துப் பார்த்துவிடு. இதைப் பார்க்காமல் அடித்து ஹப்பையே உடைத்தவர்கள் நிறைய.

ஹப் அலுமினியம் என்றால் ஹீட் கன்னால் பேரிங்கைச் சுற்றிலும் சீராகச் சூடாக்கு. தண்ணீர்த் துளி விட்டால் சுரீரென்று ஆவியாக வேண்டும். 100 டிகிரியைச் சற்றே தாண்டினால் போதும். நேரடித் தீ வேண்டாம், பெயின்ட் போகும், ஒரே இடம் அதிகம் சூடாகும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் பேரிங்கின் பிடி தளரும். ஹப் முழுக்க வார்ப்பிரும்பு என்றால் இந்தத் தந்திரம் அவ்வளவாகக் கைகொடுக்காது.

பிறகு நீண்ட பஞ்ச் (தட்டி எடுக்கும் எஃகுக் கம்பி) ஒன்றை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு, இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவிலுள்ள ஸ்பேசர் குழாயை ஓரமாகத் தள்ளு. உள்வளையத்தின் விளிம்பு கொஞ்சம் தெரியும். அங்கே ஒரு தட்டு, நேர் எதிரே ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டு. ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் கோணிக்கொண்டு ஹப்பின் சுவரைச் சுரண்டிவிடும். ஒன்று வெளியே வந்ததும் குழாயை எடுத்துவிடலாம், அடுத்தது சுலபம். குழாய் அசையவே இடமில்லை என்றால் உள்ளிருந்து விரியும் புல்லர் வேண்டும். உள்வளையமும் குண்டுகளும் மட்டும் கழன்று வெளிவளையம் ஹப்பிலேயே தங்கிவிட்டால், அதன் உட்சுற்றில் ஒரு வரி வெல்டிங் ஓட்டச் சொல். ஆறும்போது வளையம் சுருங்கித் தானாகவே விழும். இப்படித் தட்டி எடுத்த பேரிங் நன்றாகச் சுற்றினாலும் திரும்பப் போடாதே. அடித்த அடியெல்லாம் குண்டுகள் வழியாகத்தான் போயிருக்கும்.

நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான் என்னை நிறுத்திவிட்டது: அந்த நடுக்குழாயின் ஒரு முனை நசுங்கியிருக்கிறது, அரம் வைத்துத் தேய்த்துச் சரிசெய்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். தேய்க்காதே. இந்த வேலையில் பேரிங்கைவிட அந்தக் குழாய்தான் முக்கியம் என்பேன். ஆக்சில் நட்டை முறுக்கும்போது அந்த விசை முழுவதும் ஒரு உள்வளையத்திலிருந்து குழாய் வழியாக அடுத்த உள்வளையத்துக்குப் போகிறது. குண்டுகளுக்கு அதில் பங்கே இல்லை. குழாயில் 0.2 மி.மீ. குறைந்தால் நட்டு உள்வளையங்களை ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கும். வெளிவளையங்களோ ஹப்பில் இறுகி நிற்கும். குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே இருப்பது மில்லிமீட்டரில் நூற்றில் ஓரிரு பங்கு இடைவெளிதான். பிறகு குண்டுகள் எப்போதும் பக்கவாட்டில் நசுங்கியபடியே ஓடும். புது பேரிங் சீக்கிரமே சூடாகிச் செத்துப்போவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம். பழி மட்டும் பேரிங் கம்பெனிக்குப் போகும்.

நசுங்காத பகுதியில் நீளத்தை அளந்து, அதே உள்விட்டமுள்ள எஃகுக் குழாயில் புதிதாகக் கடைந்து வாங்கு. இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று இணையாக, அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அதையும் சொல்லிக் கொடு, லேத்தில் வெட்டினால் தானாக வரும் என்று விட்டுவிடாதே. அப்படியே ஆக்சிலையும் சமமான கண்ணாடி மேல் உருட்டிப் பார். வளைவு 0.2 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதுவும் மாற வேண்டியதுதான்.

பூட்டும் முன்தினம் இரவே புது பேரிங்குகளை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீஸரில் வை. ஹப்பின் துளையை மண்ணெண்ணெயால் துடை; பிசிறு இருந்தால் மெல்லிய எமரியால் தடவு. ஹப்பை முன்போலவே சூடாக்கு. 42 மி.மீ. துளையின் சூடு இருந்ததைவிட 80 டிகிரி கூடினால் 0.07 மி.மீ. அளவுக்கு அகலும். முதல் பேரிங் பல நேரம் கைவிரலிலேயே இறங்கிவிடும். தட்ட வேண்டியிருந்தால் வெளிவளையத்தின் அளவுக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்துத் தட்டு, உள்வளையத்தில் தட்டாதே. அடிவரை போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறும்: மொத்தென்று இருந்தது கணீரென்று கேட்கும்.

மறுபக்கம் திருப்பிக் குழாயைப் போடு. போட்டேனா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டே இரண்டாவது பேரிங்கைத் தொடு. இதற்கு மட்டும் விதி வேறு. உள், வெளி வளையங்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தும் தட்டையான கனத்த வாஷரை வை. ஹப்பின் வழியாக ஒரு மறைக்கம்பியை விட்டு, இருபுறமும் வாஷர் போட்டு நட்டைச் சிறுகச் சிறுக முறுக்கு. உள்வளையம் குழாயைத் தொட்டதும் நிறுத்திவிடு. வெளிவளையத்தை மட்டும் அழுத்திக்கொண்டே போனால், உள்வளையம் குழாயில் முட்டி நிற்க வெளிவளையம் மேலும் இறங்கும். குழாய் குட்டையானால் என்ன கேடோ அதே கேடு. அப்படி இறுகிவிட்டால், எதிர்ப்பக்கத்து உள்வளையத்தில் மரத்துண்டு வைத்து ஒரு லேசான தட்டு. பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

ஹப்பின் துளை தேய்ந்து பேரிங் வழுக்கி விழுகிறது என்றால் பஞ்சால் புள்ளி குத்தி இறுக்காதே. அது சில நாள்தான் நிற்கும், அதோடு வளையத்தின் வட்டமும் கெடும். இதற்கென்றே பேரிங் ஒட்டும் பசை வருகிறது. எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, மெல்லப் பூசிப் பொருத்தி, ஒரு நாள் விட்டுவிடு. தேய்வு 0.1 மி.மீ.க்கு மேல் என்றால் துளையைக் கடைந்து புஷ் (உள்ளே இறுக்கும் வளையம்) அடிப்பதே நல்லது.

வண்டியில் மாட்டும்போது ஸ்பீடோமீட்டர் கியரின் காது ஹப்பின் வெட்டில் விழுந்ததா, பிரேக் பிளேட் ஃபோர்க்கின் பூட்டில் உட்கார்ந்ததா என்று பார். இரண்டாவது தவறினால் பிரேக் பிடித்த நொடியே பிளேட் சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆக்சில் நட்டை முழுதாக முறுக்கும் முன் பிரேக்கை அழுத்திப் பிடி. ஷூக்கள் நடுவுக்கு வரும். பிறகு ஃபோர்க்கை நான்கைந்து முறை அமுக்கி எடுத்துவிட்டுக் கீழ் கிளாம்பை இறுக்கு. நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் புதிது போடு.

நட்டை இறுக்குவதற்கு முன் சக்கரம் எவ்வளவு லேசாகச் சுற்றியதோ, இறுக்கிய பிறகும் அதே லேசு இருக்க வேண்டும். கொஞ்சம் கனத்தாலும் நட்டைத் தளர்த்திச் சமாளிக்காதே, கழற்றிக் குழாயைப் பார். முதல் ஓட்டத்தில் முன்பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் போய் ஹப்பைத் தொட்டுப் பார், குளிர்ந்திருக்க வேண்டும். 100 கி.மீ. ஆனதும் டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டு ஆட்டத்தை மறுபடி சோதித்துவிடு.

அந்தக் குழாயின் நீளத்தையும், பேரிங்கில் என்ன எண் இருக்கிறது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. லேத்துக்குக் கொடுப்பதற்கு முன் இருவரும் ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
உன் நண்பன்