போர்ச் செய்தியும் கிரிப்டோ விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் மூண்டால் பிட்காயின் என்ற கிரிப்டோ நாணயம்தான் தங்கத்தைப் போலக் கைகொடுக்கும் என்ற பேச்சு, வளைகுடாச் சம்பளத்தை நம்பியிருக்கும் மேலப்பாளையம், ஏர்வாடி வட்டாரத்து இளைஞர்களிடையே இப்போது சாதாரணமாகப் புழங்குகிறது. விலை நடந்துகொண்ட விதமோ வேறு. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தபோது தங்கம் 2020-க்குப் பின் காணாத உயரத்தைத் தொட்டது. பிட்காயின் 35 ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது. ஒரு வாரத்துக்குள் அது மீண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இறக்கத்துக்கான காரணம் பெரும்பாலும் நாள்காட்டியிலேயே இருக்கிறது. ஈரான் இஸ்ரேல் மீது டிரோன்களை ஏவிய 2024 ஏப்ரல் 13 சனிக்கிழமை. ஈரானின் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கிய செய்தி நமக்குக் கிடைத்த 2025 ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமை. உலகப் பங்குச் சந்தைகளும் நெல்லை டவுன் ரத வீதி நகைக்கடைகளும் பூட்டியிருக்கும் நேரத்தில் திறந்திருக்கும் ஒரே பெரிய சந்தை கிரிப்டோ என்பதால், பயந்தவர்கள் எதை விற்க முடியுமோ அதை விற்கிறார்கள். அந்த ஜூன் ஞாயிறன்றே விலை 1 லட்சம் டாலருக்குக் கீழே போய், போர் நிறுத்த அறிவிப்பு வந்ததும் இரண்டே நாளில் மேலேறியது.

அப்படியானால் பொறுத்திருந்தவருக்கு நட்டமில்லையே என்று கேட்கலாம். பொறுத்திருக்க முடியாதவர்கள் லெவரேஜ் எடுத்தவர்கள், அதாவது சிறு முன்பணம் கட்டி அதைப்போலப் பல மடங்குக்குக் கடனில் வாங்கியவர்கள். பத்து மடங்கு லெவரேஜில் வாங்கியவரின் முன்பணம், விலை பத்து சதவீதம் இறங்குவதற்குள் கரைந்துவிடும். வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்ச், அவர் வாங்கியதை அவரைக் கேட்காமலே விற்றுவிடும். அந்த விற்பனையே விலையை இன்னும் இறக்கி அடுத்தவரையும் இழுத்துக்கொண்டு போகும். சீனப் பொருள்களுக்கு 100 சதவீதக் கூடுதல் வரி என்று டிரம்ப் அறிவித்த 2025 அக்டோபர் 10-ஐ ஒட்டி, 24 மணி நேரத்தில் இவ்வாறு தீர்க்கப்பட்ட கணக்குகளின் மதிப்பு 1,900 கோடி டாலருக்கும் மேல். நமக்கு அது பின்னிரவு. மறுநாள் காலை எங்கள் தெரு இளைஞர் ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்: விலை ஓரளவு ஏறியிருந்தது, அவருடைய இருப்பு மட்டும் பூஜ்யம்.

இது போதாதென்று நம் வரிச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 சதவீத வரி உண்டு; ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க இயலாது. போர்ப் பீதியில் ஒன்றை 50 ஆயிரம் நட்டத்துக்கும் மற்றொன்றை 50 ஆயிரம் லாபத்துக்கும் விற்றவர், கையில் ஒன்றும் மிஞ்சாத நிலையிலும் 15 ஆயிரம் ரூபாயும் அதன் மேல் செஸ்ஸும் கட்டியாக வேண்டும். இதை யூடியூப் ஆலோசகர்கள் ஏனோ சொல்வதில்லை.

எனவே, "போர் பதற்றம்: பிட்காயின் சரிவு" என்று ஒற்றை வரியில் முடிக்காமல், சரிந்த நேரம், தானாகத் தீர்க்கப்பட்ட லெவரேஜ் கணக்குகளின் தொகை, அதே நாள்களில் தங்கத்தின் விலை ஆகிய மூன்றையும் திங்கட்கிழமை வணிகப் பக்கத்தில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை.